தூரநலம்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆதிரையின் அம்மா டிரான்ட்ஹெய்மில் அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். திருச்சியில் அப்போது விளக்குப் போட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. இங்கேயும் இருட்டிவிட்டது. நார்வேயின் டிசம்பரில் பிற்பகல் என்பது பெயருக்குத்தான்.

அம்மா இடுப்புக்கு மேலேதான் வந்தாள். உருப்பேசி அப்படித்தான். அதன் கண்ணை எந்த உயரத்தில் வைக்கிறார்களோ, அந்த அளவு ஆள்தான் மறுமுனையில் தெரியும். மற்றபடி குறை சொல்ல முடியாது. நைட்டியின் பூக்கள், ஓரத்தில் கலைந்த பொட்டு, முன்பல்லின் சிறு உடைசல் எல்லாம் துல்லியமாக வந்தன. தொட்டால் மட்டும் கை காற்றில் போகும்.

“சாப்பிட்டியா?” என்றாள் அம்மா.

“சாப்பிட்டேன்மா.”

“என்ன?”

“மீன் குழம்பு. இங்க மீன் நல்லா கெடைக்குது.”

மீன் கிடைப்பது உண்மைதான். மேசையின் மறுகோடியில், உருப்பேசியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு பாலாடைக்கட்டியும் இருந்தன.

“நீ எப்படிம்மா இருக்க?”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

அப்பா வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்று கையசைத்தார். வழக்கம்போல ஆதிரையை விட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்த விளக்கைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் வீட்டு உருப்பேசி கொஞ்சம் கோணலாக இருக்கிறது, சரி செய்யுங்கள் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். செய்துவிட்டேன் என்று அவரும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

உருப்பேசிக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாக வருங்காட்டி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொள்ளும்.

வருங்காட்டி வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஒருவர் இரண்டு வழி பிரியும் இடத்தில் நின்றால், அதே இடத்தில் முன்பு நின்ற பல்லாயிரம் பேரை அது தேடி எடுக்கும். இந்த வழியில் போனவர்கள் என்ன ஆனார்கள், அந்த வழியில் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்து, இனி நடக்கப்போவதைச் சொல்லும். யார் என்ன ஆனார்கள் என்பதை அது எங்கிருந்து தெரிந்துகொள்வது? மருத்துவமனைகள் குறிப்புகளைத் தருவதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் மனிதர்கள் தங்களைப் பற்றித் தாங்களே பேசுவதை அது கேட்டது. பேச்சைச் சேர்த்து வைக்காது. உடம்பு எப்படி, வேலை எப்படி, சாப்பாடு உண்டா, உறக்கம் உண்டா என்ற சாரத்தை மட்டும் பிழிந்து வைத்துக்கொள்ளும்.

பட்டம் வாங்கியதும் பிள்ளைகள் முதலில் போய் நிற்பது வருங்காட்டியிடம்தான். வெளிநாட்டில் போய்ப் படிக்கலாமா, இங்கேயே இருக்கலாமா? தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே பதில் வந்தது. போகலாம். போனவர்கள் நன்றாக இருந்தார்கள். வேளைக்குச் சாப்பிட்டார்கள். குளிர் பழகிவிட்டது. வேலை பிடித்திருந்தது.

ஆதிரையோடு படித்த முகிலன் கடலியலில் முனைவர் பட்டம் வாங்கினான். இப்போது இதே ஊரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, தெருவில் பனி தள்ளும் வண்டிகளை இயக்குகிறான். வீட்டில் பனி ஆராய்ச்சி என்று சொல்லியிருந்தான். வருங்காட்டியும் அப்படியே குறித்துக்கொண்டது. அதைப் பார்த்து அடுத்த வருடம் நான்கு பேர் கடலியல் படிக்க வந்து சேர்ந்தார்கள். முகிலன்தான் அவர்களை விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தான். அவர்களிடமும் பனி ஆராய்ச்சி என்றே சொன்னான்.

ஆதிரை முகிலனைவிடக் கொடுத்துவைத்தவள். கணிப்பியல் படித்தவளுக்கு வருங்காட்டியை நடத்தும் நிறுவனத்திலேயே வேலை கிடைத்தது. கணிப்பு எங்கே தவறுகிறது என்று தேடும் வேலை. ஆறு வருடம் தற்காலிகமாக இருந்தவளுக்கு இப்போது நிரந்தரப் பணி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். புத்தாண்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் இதுதான் ஊர்.

அவளுக்குத் திரும்பிப் போக ஆசையாக இருந்தது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. வருங்காட்டியிடம் மட்டும் ஒருநாள் கேட்டாள்.

இங்கேயே இருந்தால் அம்மா நலம், அப்பா நலம் என்றது அது. திரும்பிப் போனால் அம்மாவுக்கு ஓராண்டுக்குள் மூட்டு அறுவை சிகிச்சை, அப்பாவுக்குப் பார்வைக் குறைவு, ஆதிரைக்கு வேலை கிடைப்பது கடினம்.

அவள் ஆச்சரியப்படவில்லை. இது தூரநலம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு நோய் வருவதில்லை என்பதை வருங்காட்டி கண்டுபிடித்துப் பத்து வருடம் இருக்கும். பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி எல்லாம் சரமாரியாக வந்தன. தள்ளி இருப்பவர்கள் திடமாக இருந்தார்கள். மருத்துவர்கள் இதற்குக் காரணம் எழுதினார்கள். தானே கடைக்குப் போவதால் நடை கிடைக்கிறது என்றார் ஒருவர். பிள்ளைகளோடு வாக்குவாதம் இல்லாததால் இதயத்துக்கு நல்லது என்றார் இன்னொருவர். திருச்சியில் பக்கத்து வீட்டு ரேஷ்மா ஆன்ட்டி, தன் ஒரே மகன் செழியன் கனடாவில் இருப்பதைச் சொல்லும்போது, ஏதோ சத்து மாத்திரை சாப்பிடுவதைப்போலச் சொல்வாள்.

அதனால் ஆதிரை கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்தாள். அம்மாவின் முழங்காலுக்காக. அம்மா பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் பிள்ளைகளோடு தானும் ஓடுவாள். அந்தக் காலில் கத்தி வைக்கத் தானே காரணமாக இருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

மறுநாள் மதிய உணவின்போது இங்ரிட்டின் அம்மா உருப்பேசியில் வந்தார். இங்ரிட் அவளுடைய அறைத்தோழி. அலுவலகத்தில் ஒரே அறை. அந்த அம்மா அலுவலக மேசையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இடுப்பு வலி, மூன்று நாளாக வயிறு சரியில்லாதது, மருத்துவர் என்ன சொன்னார், அதற்குத் தான் என்ன பதில் சொன்னார் என்று வரிசையாகச் சொன்னார். சூப் குடித்துக்கொண்டிருந்த யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. இங்ரிட் தன் பங்குக்கு, வேலை அலுத்துவிட்டது, சரியாகத் தூங்கவில்லை என்றாள். அதற்கு அந்த அம்மா, “பாவம்” என்றார். பேச்சு முடிந்தது.

ஆதிரை கரண்டியைக் கீழே வைத்தாள்.

நார்வேக்காரர்களிடம் தூரநலம் கிடையாது. அது அவளுக்கு முன்பே தெரியும். தமிழ்க் குடும்பங்களில்தான் அது மிக அதிகம். ரசம்தான் காரணம் என்று ஓர் ஆய்வுகூட வந்திருந்தது. அவள் இங்ரிட்டிடம் மெதுவாகக் கேட்டாள்: அம்மா உனக்கு எதையாவது மறைப்பாரா? எதற்கு மறைக்க வேண்டும் என்று இங்ரிட் திருப்பிக் கேட்டாள். நீ கவலைப்படுவாய் என்றுதான் என்றாள் ஆதிரை. கவலைப்படத்தானே மகள் என்றாள் இங்ரிட்.

அன்று முழுவதும் ஆதிரைக்கு வேலை ஓடவில்லை. மீன் குழம்பு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஆறு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் நன்றாகச் சாப்பிட்டதாக வருங்காட்டி குறித்துவைத்திருக்கும். கணிப்பில் பிழை தேடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள், தானே வாரம் தவறாமல் ஒரு பிழையை அதற்கு ஊட்டியிருக்கிறாள். அம்மா என்ன ஊட்டியிருப்பாள்?

வீட்டோடு இருக்கும் பிள்ளை, அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் சித்தியிடம் சொல்லும், மாமாவிடம் சொல்லும். வருங்காட்டி அதைக் கேட்கும். பிள்ளை தூரத்தில் இருந்தால் சொல்ல யார் இருக்கிறார்கள்? சொந்தக்காரர்களிடம் வாய் திறந்தால் பிள்ளையின் காதுக்குப் போய்விடும் என்று அவர்களிடமும் சொல்ல மாட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பேச்சைக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் அம்மா உருப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடப்பாள். மாடியில் வைத்த வெண்டைச் செடியைக் காட்டுவாள். எப்போதிலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள்?

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள், எழவில்லை. இரண்டாவது விசில். மூன்றாவது. அப்பா எங்கோ மாடியிலிருந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. வழியில் எதிலோ இடித்துக்கொண்டார்.

“அம்மா, கொஞ்சம் எழுந்து நில்லேன்.”

“எதுக்குடி?”

“சும்மா. பாக்கணும்போல இருக்கு.”

“ஊர்ல இருக்க பிள்ளைங்களையெல்லாம் நான் எந்திரிக்கச் சொன்னேன். இப்ப நீ என்னைச் சொல்றியா?” அம்மா சிரித்தாள். “அடுப்புல வேலை கெடக்கு. வெக்கறேன்.”

அடுப்பில் வேலை கிடக்கிறது என்று சொன்னவள் உட்கார்ந்தபடியே மறைந்துபோனாள்.

ஆதிரை மேலதிகாரியிடம் போய்ச் சொன்னாள். தூரநலம் என்று ஒன்று இல்லை, அது வெறும் பாசம் என்று சொல்ல நினைத்தாள். அலுவலக மொழியில் அதைச் சொல்லத் தெரியாமல், தரவு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். சான்று என்ன என்றார். அம்மா எழுந்து நிற்கவில்லை என்றாள் ஆதிரை. அவர் அதைச் சந்தேகம் என்ற தலைப்பில் பதிவு செய்யச் சொன்னார். செய்தாள். புத்தாண்டுக்கு முன், நிரந்தரப் பணி வேண்டாம் என்று தன் பதிலையும் சொன்னாள்.

வீட்டில் யாருக்கும் சொல்லாமல் கிளம்பினாள். சொன்னால் எல்லாவற்றையும் ஒளித்துவைத்துவிடுவார்கள்.

அப்பாதான் கதவைத் திறந்தார். அவளுக்கு ஒரு சாண் இடப்பக்கமாகப் பார்த்து, “யாரு வேணும்?” என்றார்.

உருப்பேசி கோணலாக இல்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

“நான்தான்பா.”

அவர் கை அவள் முகத்தைத் தேடி வந்து கன்னத்தில் நின்றது. உள்ளே திரும்பி அம்மாவிடம், “ஐஸு, யாரு வந்திருக்கா பாரு” என்றார்.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. படுக்கையறை மாடியில் என்பதால் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். கட்டிலோரமாக நான்கு கால் ஊன்றுகோல். உருப்பேசியின் கண் நாற்காலிக்கு எதிரே ஒரு ஸ்டூலில், சரியாக அம்மாவின் இடுப்பு உயரத்தில் இருந்தது. அடியில் இரண்டு தலையணை வைத்து உயரத்தை அளந்திருந்தார்கள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. மகளைப் பார்த்ததும் முதலில் போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

“எதுக்குடி வந்த?” என்றாள். உடனே, “சாப்பிட்டியா?” என்றாள்.

“இல்லம்மா” என்றாள் ஆதிரை. ஆறு வருடத்தில் முதல் முறையாக அப்படிச் சொன்னாள்.

அப்பா தோசை வார்த்தார். கண் தெரியாவிட்டாலும் வட்டமாகத்தான் வந்தது. சாப்பிடும்போது கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. வருங்காட்டியிடம் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். மகள் திரும்பி வந்தால் வேலையில்லாமல் வாடுவாள், அங்கே இருந்தால் வேளைக்குச் சாப்பிட்டு, பிடித்த வேலை செய்து, நன்றாக இருப்பாள் என்று அது சொல்லியிருக்கிறது.

“நீ அங்க சந்தோஷமா இருக்கேன்னு அது அவ்வளவு உறுதியா சொல்லுச்சு” என்றாள் அம்மா. “இந்தக் கால் வலிய உங்கிட்டச் சொல்லி, நீ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடிவந்துட்டா? அதான்.”

“அதுக்கு யாரும்மா சொன்னா, நான் சந்தோஷமா இருக்கேன்னு?”

அம்மா யோசித்தாள்.

“நீதான்.”

“நீ கல்லு மாதிரி இருக்கேன்னு?”

“அந்த மீன் குழம்பு?” என்றாள் அம்மா.

“ரொட்டி.”

“ஆறு வருஷமாவா?”

“சில நாள் முட்டையும் உண்டு.”

அம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவளுக்கு இன்னும் ரெண்டு வைங்க என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தோசையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆதிரை அதை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

அம்மாவுக்கு முழங்கால் மாற்றினார்கள். அப்பாவுக்குக் கண்புரை எடுத்தார்கள். அப்பா கட்டு அவிழ்த்ததும் மகளைப் பார்த்து, இப்படி இளைச்சுப்போய்தான் இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்திருந்தாயா என்று கேட்டார். அம்மா பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நடைப்பயிற்சியில் கூடத்தின் மறுகோடியைத் தொடும்போதெல்லாம் தனக்குத் தானே ஊதிக்கொண்டாள்.

ஆதிரைக்கு வேலை கிடைக்கவில்லை. இரண்டு கல்லூரிகளில் கேட்டுப்பார்த்தாள். இவ்வளவு படித்தவர் இங்கே எத்தனை நாள் இருப்பார் என்று வருங்காட்டியிடம் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார்கள். அவளிடம் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மிஞ்சிய பணமும் நிறைய நேரமும் இருந்தன. இங்ரிட்டிடம் உருப்பேசியில் பேசும்போது எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். மறைக்காமல் பேசுவது கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கமாகியிருந்தது.

நிறுவனத்திலிருந்து அவளுடைய சந்தேகத்துக்குப் பதில் வந்தது. வருங்காட்டியே பேசியது, மிக மரியாதையாக. தாய்க்கு மூட்டு அறுவை சிகிச்சை, தந்தைக்குப் பார்வைக் குறைவு, தங்களுக்கு வேலையின்மை என நாங்கள் கணித்த மூன்றும் தாங்கள் வீடு திரும்பியதும் நடந்துவிட்டன. தூரநலத்துக்குத் தங்கள் குடும்பமே மிகத் தெளிவான சான்று. ஆகவே தங்கள் சந்தேகம் முடித்துவைக்கப்படுகிறது. தங்கள் பெற்றோர் நலம் பெற வாழ்த்துகள்.

ஆதிரை அதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினாள். அம்மா விசிலை ஒருமுறை ஊதிவிட்டு, பாவம், அதுக்கு ஒரு அம்மா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் என்றாள்.

தெருவில் இந்தச் சேதி வேறுவிதமாகப் பரவியது. பெண் வந்தாள், வந்த கையோடு அம்மாவுக்குக் காலும் அப்பாவுக்குக் கண்ணும் போயிற்று. நல்லவேளை செழியன் வரவில்லை என்று ரேஷ்மா ஆன்ட்டி வாய்விட்டே சொன்னாள். அவள் அதை ஆதிரையிடமே சொன்னதால் யாருக்கும் கோபம் வரவில்லை.

ஒரு மாலை ஆன்ட்டி ஆதிரையைக் கூப்பிட்டாள். செழியன் பேசும் நேரம், உருப்பேசியின் கண்ணைச் சரியான உயரத்தில் வைக்க வேண்டும். ஆன்ட்டியின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டதாம். இடுப்பும் நிமிரவில்லை.

“தோளுக்கு மேல மட்டும் தெரியற மாதிரி வை. புள்ள அடுத்த மாசம் வரவான்னு கேக்கறான். வேணாம்னு சொல்லிட்டேன். அங்க அவன் நல்லா இருக்கான். இங்க வந்தா எனக்கும் உங்கம்மா மாதிரி ஆயிடுச்சுன்னா?”

ஆதிரை உருப்பேசியின் கண்ணைத் தோள் உயரத்தில் வைத்தாள்.

செழியன் வந்தான். அவனும் தோளுக்கு மேலேதான் வந்தான். கனடாவில் காலை. வீட்டுக்குள்ளேயே தடித்த குளிர்ச்சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தான். நேரே உள்ளே வந்ததால் கழற்றவில்லை என்றான். அவன் பேசும்போது வாயிலிருந்து புகை வந்ததை ஆதிரை பார்த்தாள். ஆன்ட்டியும் பார்த்திருக்க வேண்டும்.

சாப்பிட்டாயா என்று ஆன்ட்டி கேட்டாள். சாப்பிட்டேன், பொங்கல் என்றான். நீ எப்படி இருக்கிறாய் என்றான். எனக்கென்ன என்றாள் ஆன்ட்டி. பிறகு அவன் ஆதிரையின் பக்கம் திரும்பி, “ஆதிரை, அம்மா நல்லா இருக்காங்கல்ல?” என்று கேட்டான். கேள்வி சாதாரணமாகத்தான் இருந்தது. கண் மட்டும் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. ஆன்ட்டி மேசைக்குக் கீழே இடது கையால் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

ஆதிரை அதிகம் பேசுகிறவள் இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஒரு தடவை அவங்கள எழுந்து நிக்கச் சொல்லுங்க அண்ணா.”

ஆன்ட்டி துப்பட்டாவை விட்டுவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்தாள். பிடிவாதக்காரி. மாவுக்கட்டுக் கையும் மேசைக்கு மேலே வந்தது. பாதி எழுந்திருப்பாள்.

“வேணாம்மா, உக்காரு” என்றான் செழியன். “கை வேற வலிக்கும். உக்காரும்மா.”

அவன் குரலில் ஆச்சரியமே இல்லை. ஆன்ட்டி அதைக் கவனித்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு வாரமா இடது கையாலதானே டாட்டா காட்டுற.”

“ஏன்டா கேக்கல?”

“நீ மட்டும், ஏன் தொப்பி போட்டிருக்கேன்னு கேட்டியா?”

ஆதிரை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அங்கே நின்றாள். கூடத்தில் இருவரும் நிறைய நேரம் பேசினார்கள். வேலை எப்போதோ போய்விட்டதையும் வீட்டில் கணப்பு நின்றுபோனதையும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். ஆன்ட்டி குறுக்கே குறுக்கே திட்டினாள். கடைசியில், டிக்கெட் போடு, உனக்குப் பொங்கல்னா என்னன்னு காட்டறேன் என்று சொல்வது கேட்டது.

வருங்காட்டியும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இத்தனை வருடம் கல் மாதிரி இருந்த ரேஷ்மாவுக்கு அன்று மாலை ஒரே நேரத்தில் கை முறிவும் இடுப்பு வலியும் ஏற்பட்டதாகவும், கனடாவில் நன்றாக இருந்த மகனுக்கு அதே நேரத்தில் வேலை போனதாகவும் அது குறித்துக்கொண்டது. காரணம் என்ற இடத்தில், மகன் வீடு திரும்ப முடிவு செய்தது என்று எழுதிக்கொண்டது.